பட்டன் ஸ்டார்ட் காரில் பேட்டரி இறங்கிவிட்டது, கதவே திறக்கவில்லை. என்ன செய்வது?

கேட்டவர் சொல்லும் நிலைமை இது. பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார், வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மூன்று வாரம் நிறுத்திவிட்டு வெளியூர் போய் வந்திருக்கிறார். இப்போது கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. ரிமோட்டுக்குப் புது செல் போட்டும் கதவு திறக்கவில்லை. நாலு பேரைச் சேர்த்துத் தள்ளிப் பார்க்கலாம் என்கிறார் வாட்ச்மேன். டோவிங் வண்டியைக் கூப்பிடச் சொல்கிறார் நண்பர். எது சரி?

இரண்டும் வேண்டாம். கார் நிற்கிற இடத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோங்கள், காரை எங்கேயும் கொண்டுபோக வேண்டியதில்லை. முக்கால்வாசி நேரம் இது அரை மணி நேர வேலைதான்.

முதலில், செத்தது எந்த பேட்டரி என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகைக் கார்களில் இரண்டு இருக்கின்றன. ஒன்று பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. இன்னொன்று ரிமோட்டுக்குள் இருக்கும் காசு வடிவ செல், பெரும்பாலும் சிஆர் 2032. எது போனாலும் வெளியில் நிற்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: கதவு திறக்காது. அதனால்தான் நிறையப் பேர் காரின் பேட்டரி போனதற்கு ரிமோட் செல்லை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடி வழியாக டேஷ்போர்டைப் பாருங்கள். பூட்டி நிறுத்திய காரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு மினுக்கும், பல மாடல்களில் அது உண்டு. மினுக்கினால் காருக்கு உயிர் இருக்கிறது, ரிமோட் செல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். எப்போதும் மினுக்கும் விளக்கு இன்று இருட்டாக இருந்தால் காரின் பேட்டரி படுத்துவிட்டது. உங்கள் விஷயத்தில் புது செல் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் போனது காரின் பேட்டரிதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இடையில் ஒரு குழப்படி நிலையும் உண்டு. பேட்டரி முழுதாகச் சாகாமல் அரை உயிரில் இருக்கும்போது, மீட்டரில் விளக்கெல்லாம் எரிந்துவிட்டு "சாவி இல்லை" என்று செய்தி வரும். சாவி உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கும். சாவியைத் தேட கார் அனுப்ப வேண்டிய அலைக்கும், பதிலைக் கேட்கும் கம்ப்யூட்டருக்கும் போதிய வோல்ட் கிடைக்காமல் போவதால் வருகிற பொய்ச் செய்தி அது. அதை நம்பி ரிமோட்டை மாற்றக் கிளம்பாதீர்கள். புது ரிமோட், அதை காருக்குப் பதிவு செய்யும் கூலி எல்லாம் சேர்ந்தால் ஒரு புது பேட்டரியின் விலையைத் தாண்டிவிடும்.

சரி, உள்ளே போவது எப்படி? ரிமோட்டின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பொத்தானோ, நகத்தால் தள்ளுகிற தாழ்ப்பாளோ இருக்கும். அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் உலோகச் சாவி ஒன்று வெளியே வரும். கார் வாங்கிய நாள் முதல் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. டிரைவர் கதவில் சாவித் துவாரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைப்பிடியின் பின்முனையைப் பாருங்கள். பெயின்ட் அடித்த சின்ன பிளாஸ்டிக் மூடி ஒன்று தனியாகத் தெரியும். அதன் அடியில் ஒரு கீறல் இருக்கும். கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி சாவி முனையை அந்தக் கீறலில் விட்டு மெதுவாக நெம்பினால் மூடி கழன்று துவாரம் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் பெயின்ட் போகும். பயன்படுத்தாமலே கிடந்த பூட்டு என்பதால் இறுக்கமாக இருக்கலாம். கொஞ்சம் டபிள்யூடி-40 அடித்து, சாவியை முன்னும் பின்னும் ஆட்டித் திருப்புங்கள். மெல்லிய சாவி அது, முறுக்கினால் உடையும்.

டிரைவர் கதவு திறந்தால் போதும். பானட் திறக்கும் லீவர் உள்ளே முழங்கால் பக்கம்தான் இருக்கிறது. அது வெறும் கம்பி இழுப்பு என்பதால் மின்சாரம் தேவையில்லை. டிக்கி அப்படி அல்ல. நிறைய மாடல்களில் அதன் தாழ்ப்பாள் மின்சாரத்தில் வேலை செய்வது. ஜம்பர் கேபிளை, அதாவது இன்னொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கும் கேபிளை, டிக்கியில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கேபிள் இருக்க வேண்டிய இடம் முன் சீட்டுக்கு அடியில்.

இங்கே எல்லோரும் கேள்விப்பட்ட ஒரு வித்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்துவது. ரிமோட்டுக்குள் செல் இல்லாமலே பதில் சொல்லும் ஒரு சின்ன சிப் இருக்கிறது. பட்டனைச் சுற்றியுள்ள காயில் அனுப்பும் காந்த அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். ஹூண்டாய், கியா கார்களில் ரிமோட்டாலேயே பட்டனை அழுத்தலாம். டொயோட்டாவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டின் சின்னம் பொறித்த பக்கத்தைப் பட்டனில் தொட்டு, பஸ்ஸர் சத்தம் வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். சில கார்களில் இந்த இடம் ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் கப் ஹோல்டருக்குள். உங்கள் காரில் எங்கே என்று மேனுவலில் ஒரு படம் இருக்கும். ஆனால் அந்த அலையை அனுப்ப வேண்டியது கார். காரின் பேட்டரியே இல்லையென்றால் ரிமோட்டைப் பட்டனில் தேய்த்தாலும் பயனில்லை.

தள்ளி ஸ்டார்ட் செய்யும் யோசனைக்கு வருவோம். உங்கள் காரில் நடக்காது. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் சக்கரத்தைச் சுற்றினால் இன்ஜின் சுற்றாது. கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தத்தை உண்டாக்கும் பம்பை ஓட்டுவதே இன்ஜின்தான், அது ஓடாதபோது இரண்டுக்கும் பிடிப்பே இல்லை. சிவிடி, இரட்டை கிளட்ச் என்று சொல்லப்படும் மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளும் அப்படித்தான். ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸைத் தானாக மாற்றும் வகை, மேனுவல் மாதிரி இருந்தாலும் அதில் கிளட்சை இயக்குவது மின்சாரம். மேனுவல் கியர் உள்ள பட்டன் ஸ்டார்ட் காரில் மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதுவும் பேட்டரியில் மீட்டர் விளக்கு எரியும் அளவுக்காவது உயிர் இருந்தால்தான். கிளட்சை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தி இக்னிஷனை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விட வேண்டும். மீட்டரே எரியவில்லையென்றால் இமொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு விடாது, ஸ்டீயரிங்கும் பூட்டியே இருக்கலாம். பேஸ்மென்ட் சரிவில் பூட்டிய ஸ்டீயரிங்கோடு, பூஸ்டர் உதவி இல்லாத பிரேக்கோடு ஒரு டன் எடையை உருட்டிவிடுவது பெரிய ஆபத்து.

டோவிங்கும் சுலபமில்லை. பேட்டரி இல்லாமல் கியர் லீவர் பார்க்கில் இருந்து அசையாது. அதன் பக்கத்தில் சின்ன மூடியைத் திறந்து உள்ளே குத்தி விடுவிக்கும் வழி பெரும்பாலான கார்களில் உண்டு. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் அதுவும் மின்சாரம் இல்லாமல் விடாது. போதாக்குறைக்கு, பேஸ்மென்ட் கூரை உயரத்துக்கு காரை முதுகில் ஏற்றிப் போகும் ஃபிளாட்பெட் லாரி உள்ளேயே வராது.

ஆகவே ஜம்ப், அதாவது வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்வது. மூன்று வழி இருக்கிறது. இன்னொரு காரிலிருந்து கேபிள் போடலாம், கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்துச் செய்யலாம், அல்லது பேட்டரிக் கடைக்கோ ரோடு சைடு அசிஸ்டன்ஸுக்கோ போன் போடலாம். கார் கம்பெனி தருகிற அசிஸ்டன்ஸ் முடிந்திருந்தாலும், இன்சூரன்ஸ் பாலிசியில் ஆட்-ஆனாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். பணம் கட்டியதையே மறந்திருப்பவர்கள் அதிகம்.

கேபிள் போடுகிறவர்கள் வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. உதவிக்கு வந்த கார் முதலில் ஆஃபில் இருக்கட்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கருப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கருப்பின் கடைசி முனையைச் செத்த பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலோ பிராக்கெட்டிலோ மாட்ட வேண்டும். கடைசி முனை தொடும்போது பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அதனால்தான் பொறியைத் தள்ளி வைக்கிறோம். பிறகு உதவிக் காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அந்த ஐந்து நிமிடம்தான் பாதி வேலையைச் செய்கிறது. அப்புறம் உங்கள் காரில் பிரேக்கை நன்றாக அழுத்தி பட்டனை அழுத்துங்கள். ஏற்கெனவே பலமுறை மிதித்துப் பார்த்திருந்தால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகியிருக்கும். லேசாக மிதித்தால் பிரேக் மிதித்ததாகவே கார் எடுத்துக்கொள்ளாது, அதனால் பலமாக மிதியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றவும்.

பேட்டரிக்கு மின்சாரம் வந்த அடுத்த நொடி ஹார்ன் அலறலாம். சாவி போட்டுத் திறந்ததைத் திருட்டு என்று நினைத்து அலாரம் அடிப்பது அது. பயந்து கேபிளைப் பிடுங்காமல் ரிமோட்டில் அன்லாக் அழுத்துங்கள், அடங்கிவிடும்.

செல்ஃப் எடுக்காமல் டிக் டிக் டிக் என்று மட்டும் கேட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கிளிப் சரியாகக் கடிக்கவில்லை. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். இரண்டு, கேபிள் மட்டம். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் தடியான ரப்பருக்குள் நூல் மாதிரி கம்பிதான் இருக்கும். செப்புக் கம்பி 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாததாக வாங்குங்கள்.

லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரில் வேறு சிக்கல். பேட்டரி ஒரேயடியாகச் செத்திருந்தால், கிளிப் எதிலும் மாட்டப்படவில்லை என்று அது நினைத்துக்கொண்டு மின்சாரம் விடாது. அதற்காகவே பூஸ்ட் என்றோ ஓவர்ரைடு என்றோ ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தும்போது பிளஸ் மைனஸ் மாறிப்போனால் காப்பாற்றும் பாதுகாப்பு பல மாடல்களில் வேலை செய்யாது. கிளிப்பின் நிறத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள். பேஸ்மென்ட்டில் சுவரைப் பார்த்து நிறுத்தியிருக்கும் காருக்கு என் ஓட்டு இந்தக் கருவிக்குத்தான். பக்கத்தில் இன்னொரு காரைக் கொண்டுவரவே இடமிருக்காது.

பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அழுகின முட்டை நாற்றம் அடித்தாலோ ஜம்ப் போடவே போடாதீர்கள். நேராகப் புது பேட்டரிதான்.

நம் ஊரில் நல்லெண்ணத்தோடு நடக்கிற இரண்டு விஷயங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் லாரிக்காரர்கள் நிறுத்தி உதவுவார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் பெரிய லாரி, பஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டியிருப்பார்கள். அதிலிருந்து கேபிள் இழுத்து 12 வோல்ட் காரில் கொடுத்தால் ஸ்டார்ட் ஆகிறதோ இல்லையோ, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் புகைந்துவிடும்.

இன்னொன்று இதைவிடப் பரவலானது. மெக்கானிக் ஒரு நல்ல பேட்டரியோடு வருவார். அதை மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் செய்வார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெர்மினலைக் கழற்றி, உங்கள் பழைய பேட்டரியை வைத்து மாட்டிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்கவும் சிலர் ஓடுகிற இன்ஜினில் மைனஸைப் பிடுங்குவார்கள். அம்பாசடர் காலத்தில் இது செல்லுபடியானது, அந்தக் காரில் எரிந்துபோக பெரிதாக எதுவும் கிடையாது. இன்றைய காரில் ஆல்டர்னேட்டர் தள்ளுகிற கரண்டை வாங்கிக்கொள்ளும் பேட்டரி சட்டென்று மறைந்தால், வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும். பட்டன் ஸ்டார்ட் மாட்யூல், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியு, ஏர்பேக் கன்ட்ரோலர் எல்லாம் அதே லைனில்தான் தொங்குகின்றன. உடனே எல்லாம் எரிந்துவிடும் என்று சொல்லவில்லை, பத்தில் பல முறை தப்பிக்கும். தப்பாத அந்த ஒரு முறைக்கு வரும் பில்லில் பல பேட்டரி வாங்கலாம். கையில் மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. எதையும் பிடுங்கத் தேவையில்லை.

ஸ்டார்ட் ஆன பிறகு உடனே அணைக்காதீர்கள். ரிமோட் யார் பையில் இருக்கிறது என்றும் பாருங்கள். உதவிக்கு வந்தவர் ரிமோட்டோடு வீட்டுக்குப் போய்விட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வெறும் பீப் சத்தம் வரும். பெட்ரோல் பங்க்கில் அணைத்தபிறகுதான் விஷயம் தெரியும். நின்ற இடத்தில் ஏசி போட்டுக்கொண்டு ஐடிலில் ஓடவிட்டால் சார்ஜ் ஏறுவது சொற்பம். சாலையில் முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். அதுவும் அடுத்த ஸ்டார்ட்டுக்குத்தான் போதும். முழுதாக இறங்கின பேட்டரியை முழுதாக ஏற்ற, வீட்டு பிளக்கில் போடும் 4, 5 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு வைப்பதுதான் வழி. இன்ஜின் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி உள்ள கார் என்றால் மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். சார்ஜரின் கருப்புக் கிளிப்பை அதில் மாட்டாமல் பாடி எர்த்தில், அதாவது காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். அப்படிப்பட்ட காருக்குப் புது பேட்டரி வாங்கும்போதும் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் வாங்க வேண்டும். விலை குறைவு என்று சாதாரணதைப் போட்டால் சீக்கிரம் போய்விடும்.

இனி, ஏன் இறங்கியது? அணைத்துப் பூட்டிய காரும் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அலாரம், கடிகாரம், ரிமோட் வருகிறதா என்று காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் சேர்த்து 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை ஆம்பியர் அவர் என்ற அளவில் சொல்வார்கள்; ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் அவர் போகிறது, மூன்று வாரத்துக்கு 15. உங்கள் பேட்டரி புதிதாக இருந்தபோது 40 ஆம்பியர் அவர் என்றால் இது ஒன்றுமே இல்லை. நான்கு வருட வெயில் தின்று மிச்சம் 20 தான் தேறும் என்றால் கணக்கு முடிந்தது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் பேட்டரி காலை வாரும். இங்கே வெயில்தான் அதை அரிக்கிறது. சென்னை மாதிரி ஊரில் மூன்று, நான்கு வருடம் என்பது சராசரி ஆயுள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓர் இரவு சார்ஜ் போட்டு, கழற்றி சில மணி நேரம் வைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிதான். மறுநாளே 12க்குக் கீழே வந்துவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பிழைக்க வைக்கிற கட்டம் அது இல்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் அடிக்கடி இறங்குகிறது என்றால் திருடனைத் தேட வேண்டும். பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம்தான் முதல் சந்தேகம். கால் ஆம்பியர் இழுத்தாலே நாளுக்கு 6 ஆம்பியர் அவர், ஒரு வாரத்தில் கார் படுத்துவிடும். வெளியில் போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் சோதனைக் கருவியை மாட்டும் துவாரம்) செருகிய டிராக்கர், அணையாத டிக்கி விளக்கு இவையும் பட்டியலில் உண்டு. ஃபாஸ்டேகைக் குற்றம் சொல்லாதீர்கள், அது காரிலிருந்து எதையும் எடுப்பதில்லை.

பட்டன் ஸ்டார்ட் ஆட்டோமேட்டிக்குக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. கியரை பார்க்குக்குக் கொண்டுவராமல் டிரைவிலோ நியூட்ரலிலோ இருக்கும்போது பட்டனை அழுத்தினால், பல கார்களில் இன்ஜின் மட்டும் நிற்கும். கார் முழுதாக அணையாமல், ரேடியோ போன்றவை மட்டும் ஓடும் ஏசிசி நிலையில் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் சத்தம் நின்றதும் நாம் அணைந்துவிட்டது என்று இறங்கிவிடுவோம். கதவைத் திறக்கும்போது பீப் அடிக்கும், பூட்ட முயன்றால் பூட்டாது, அதை ரிமோட் கோளாறு என்று நினைத்துச் சாவியால் பூட்டிவிட்டுப் போகிறவர்கள்கூட இருக்கிறார்கள். பட்டனில் ஆம்பர் (ஆரஞ்சு மஞ்சள்) நிற விளக்கு எரிந்தால் கார் இன்னும் விழித்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் புதிதாக ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டிக்கொடுங்கள். ரிமோட்டைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டும் பழக்கமும் நல்லதல்ல. இரண்டும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும், இரண்டின் பேட்டரியும் தேயும்.

ஹைபிரிட், எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் காரிலும் தனியாக 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் இது செத்தால் கதவும் திறக்காது, காரும் ரெடி நிலைக்கு வராது. அதற்கு ஜம்ப் வாங்கலாம். கம்ப்யூட்டர்களை எழுப்பினால் போதும் என்பதால் சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டரே சமாளிக்கும். உங்கள் காரிலிருந்து மற்றவருக்கு ஜம்ப் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பேட்டரி மாற்றியதும் பவர் விண்டோ ஒரே தட்டில் ஏறாமல் போகலாம். கண்ணாடியை மேலே ஏற்றி, சுவிட்சை விடாமல் சில நொடி பிடித்தால் சரியாகும். ஸ்டீயரிங் விளக்கோ, இஎஸ்பி (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கோ எரிந்தால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், பெரும்பாலும் தானாக அணைந்துவிடும்.

அடுத்த முறை மூன்று வாரம் வெளியூர் போகும்போது 10 நம்பர் ஸ்பானரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, பேட்டரியைத் தொடாதபடி ஒரு துணி சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, உலோகச் சாவியால் பூட்டிவிட்டுப் போங்கள். டிக்கியில் இருந்து எடுக்க வேண்டியதைக் கழற்றும் முன்பே எடுத்துவிடுங்கள், இரண்டு ரிமோட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.